ஸ்கூல் புக்கில் இருக்கும் கியூஆர் கோடு: ஸ்கேன் ஆகலைன்னா என்ன செய்யணும்?

உங்க பிள்ளையோட பாடப்புத்தகத்தைத் திறந்து பாருங்க. பாடத்தின் தொடக்கத்தில் சின்னதா ஒரு கருப்பு வெள்ளைக் கட்டம் இருக்கும். என்னைக்காவது அதை ஸ்கேன் பண்ணிப் பார்த்திருக்கீங்களா?

தமிழ்நாட்டில் 2018-19 கல்வியாண்டில் 1, 6, 9, 11-ம் வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்தபோதுதான் இந்த கியூஆர் கோடும் புத்தகத்துக்குள் வந்தது. மற்ற வகுப்புகளுக்கு அடுத்த ஆண்டு வந்தது.

இது எப்படி வேலை செய்யுது?

வீடியோ அந்தக் கட்டத்துக்குள் இல்லை. அதில் இருப்பது வெறும் முகவரி மாதிரிதான். மத்திய அரசின் 'திக்‌ஷா' ஆப்பில் ஸ்கேன் செய்தால், அந்தப் பாடத்துக்கான வீடியோ, பயிற்சிக் கேள்விகள் இருக்கும் இடத்துக்குப் போகும். அதனால், புத்தகத்தை மறுபடி அச்சடிக்காமலேயே வீடியோவை மட்டும் மாற்ற முடியும்.

அச்சு மங்கி, ஸ்கேன் ஆகலையா? கட்டத்துக்குக் கீழே எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்கக் குறியீடு இருக்கும். அதை ஆப்பில் டைப் செய்தாலே போதும். பலருக்கும் தெரியாத வழி இது.

கணக்குப் புத்தகத்தில் 'இணையச் செயல்பாடு' என்ற பகுதியையும் விட்டுடாதீங்க. அது 'ஜியோஜீப்ரா' பக்கத்துக்குப் போகும். முக்கோணத்தின் முனையை விரலால் இழுத்தால் கோணங்கள் மாறும், ஆனா கூட்டினா 180 டிகிரிதான். கரும்பலகையில் இதைக் காட்டுவது கஷ்டம்.

அப்போ சிக்கல் எங்கே?

போன்தான். அப்பா வேலைக்கு எடுத்துட்டுப் போன போன், பிள்ளை கைக்கு வருவது ராத்திரிதான். அண்ணன், தங்கச்சின்னு இரண்டு பேர் படிச்சா அதிலும் பங்கு. டேட்டா தீர்ந்துபோனா அதுவும் இல்லை.

கொரோனாவில் இதை நேரடியாவே பார்த்தோம். 2020-ல் பள்ளிகள் மூடியபோது, 2019-ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி வழியாகவும் பாடம் நடந்தது. டிவிக்கு டேட்டா வேண்டாமே! அப்படியும் விழுந்த இடைவெளியை நிரப்ப, 2021-ல் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் தன்னார்வலர்கள் நேரில் போய்ச் சொல்லித்தர வேண்டியிருந்தது.

அதனால் வீட்டு போனை நம்பாமல், பள்ளியிலேயே இணையத்தைக் கொடுப்பது சரியான வழின்னுதான் தோணுது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப், தொடக்கப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் வகுப்பறை என்று அரசு போவது இதனால்தான். ஆனா போர்டு வாங்குவது ஒருமுறைச் செலவு. நெட் கட்டணம் மாசாமாசம் வரும். லைன் கட் ஆனா, அது வெறும் பெரிய டிவி.

பெற்றோர் என்ன செய்யலாம்?

திக்‌ஷா ஆப்பில் பல பாடங்களை டவுன்லோட் செய்து வைக்கலாம். வைஃபை கிடைக்கும் இடத்தில் ஒரு வாரப் பாடத்தை மொத்தமா இறக்கிட்டா, ராத்திரி டேட்டா இல்லாமலே ஓடும். போனில் இடம் இல்லைன்னா, பார்த்து முடித்ததை நீக்கிட்டு அடுத்ததை ஏத்திக்கலாம்.