சாலைச் செலவில் யார் பங்கு எவ்வளவு?

சயானில் தொடங்கிச் செம்பூரைக் கடந்து தாணேயை நோக்கிச் செல்லும் மும்பையின் கிழக்கு விரைவு நெடுஞ்சாலையில் கார், பேருந்து, பார லாரி ஆகிய யாவும் ஓடுகின்றன. சாலை ஒன்றே, ஆயின் அதனால் அவை பெறும் பயனும், அதற்கு அவை விளைக்கும் தேய்வும் வெவ்வேறு. அதன் செலவை இவற்றினிடையே நேர்மையாகப் பகிர்வது எங்ஙனம்?

இவ்வினாவை இந்தியாவில் ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் மும்பையைச் சேர்ந்த எம். ஆர். ஜெயகர். அவர் தலைமையில் 1927-ல் அமைந்த குழுவின் பரிந்துரைப்படி, 1929-ல் பெட்ரோலுக்குக் காலன் ஒன்றுக்கு 2 அணா கூடுதல் தீர்வை விதிக்கப்பட்டுச் சாலை நிதி தோன்றியது. மிகுதியாக ஓடுவோர் மிகுதியாகச் செலுத்துவர் என்பதே இதன் அடிப்படை.

எனினும், எரிபொருளின் அளவு சேதத்தின் அளவன்று. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஒட்டாவா நகரருகே 1958 முதல் 1960 வரை சோதனைச் சாலைகளில் லாரிகளை இடைவிடாது ஓட்டி ஆராய்ந்தனர். அச்சின் பாரம் இருமடங்கானால் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் எனக் கண்டனர். இவ்விதிப்படி, 8.16 டன் தாங்கும் ஓர் அச்சு ஒருமுறை கடப்பது, அரை டன் தாங்கும் கார் அச்சு சுமார் 70,000 முறை கடப்பதற்கு ஈடாகும். லாரியோ காரைப்போல் சில மடங்கு எரிபொருளையே செலவிடுகிறது.

அவ்வாறாயின் முழுச் செலவையும் லாரியின் மீது சுமத்தலாமா? கூடாது. நிலம், அகலம், வடிகால், விளக்கு ஆகியவற்றின் செலவு பாரத்தால் எழுவதன்று. ஆகவே பொறியியலார் படிமுறைப் பகிர்வைக் கையாளுவர். முதலில், இலகுரக வண்டிகளுக்கு மட்டும் போதுமான சாலையைக் கற்பனை செய்து, அதன் செலவை எல்லா வண்டிகளுக்கும் பகிர்வர். பிறகு, கனத்த வண்டிகளுக்கென வேண்டப்படும் கூடுதல் தடிப்பையும் பால வலிமையையும் அவ்வண்டிகளின் கணக்கிலேயே சேர்ப்பர்.

தேசிய நெடுஞ்சாலைகளுக்கான 2008-ஆம் ஆண்டுக் கட்டண விதிகளில் இதன் சாயலைக் காணலாம். 2007-08-க்குரிய அடிப்படை வீதம் கிலோமீட்டருக்குக் காருக்கு 65 காசு. பேருந்துக்கும் லாரிக்கும் 2 ரூபாய் 20 காசு. ஏழு அச்சும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு 4 ரூபாய் 20 காசு.

மும்பையின் ஐந்து நுழைவாயில்களில் கார் முதலிய இலகுரக வண்டிகளுக்கான சுங்கம் 2024 அக்டோபர் 14 நள்ளிரவு முதல் நீக்கப்பட்டது. பாரத்தை நோக்கின் இது பொருந்தும். காலையில் சாலையை அடைத்து நிற்கும் இடத்தை நோக்கின் பொருந்தாது. சுங்கம் நீங்கினும் செலவு நீங்குவதில்லை. அரசு ஏற்பின், தாராவியில் நடந்து செல்லும் தொழிலாளியும் அதில் பங்கு கொடுக்கிறார். லாரி ஏற்பின், மாதுங்கா சந்தையில் காய்கறி வாங்குவோர் கொடுக்கின்றனர்.

ஆசிரியர்கள் மாணவரைக்கொண்டு ஒரு மணி நேரம் வண்டிகளையும் அவற்றின் அச்சுகளையும் எண்ணச் செய்யலாம். ஒவ்வொரு வண்டியும் எவ்வளவு பாரம் ஏற்றுகிறது, எவ்வளவு இடம் கொள்கிறது என்னும் இரு கேள்விகளையும் தனித்தனியே கேட்டலே நேர்மையான பகிர்வின் தொடக்கமாகும்.