மலையின் செய்தியைக் கைமாற்றும் கருவிகள்



2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு, மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீடுகள் மேல் விழுந்தது. 70 பேர் போய்விட்டார்கள். அதில் நிறையப் பேருக்குப் பூர்வீகம் நம்ம கயத்தாறு பக்கம்தான். இது நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? அன்று அங்கே மின்சாரம் இல்லை, போனும் வேலை செய்யவில்லை. மலை சரிந்த செய்தியே மறுநாள் காலையில்தான் வெளியே தெரிந்தது!

மலை சரியப் போகிறது என்பதை முன்கூட்டியே சொல்லக் கருவிகள் உண்டு. மண்ணுக்குள் குழி தோண்டிப் புதைத்தால், ஈரம் எவ்வளவு, தண்ணீரின் அழுத்தம் எவ்வளவு, மண் சாய்கிறதா, அதிர்கிறதா என்று அளந்துகொண்டே இருக்கும். இவற்றுக்கு சென்சார் என்று பெயர். மூணாறில் 2005-ல் மண் சரிந்த அந்தோணியார் காலனியில், அமிர்தா பல்கலைக்கழகத்தார் இப்படிப்பட்ட சென்சார்களை வைத்தார்கள். 2009 ஜூலை மழையின்போது அவற்றைப் பார்த்து மக்களுக்கு எச்சரிக்கையும் கொடுத்தார்கள்.

அளந்தால் மட்டும் போதுமா? அளந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டாமா? கம்பி இழுத்தால், மண் அசைந்ததும் முதலில் அறுவது கம்பிதான். அதனால் ரேடியோ அலையில் அனுப்புகிறார்கள். இங்கேதான் சிக்கல் வருகிறது.

ஏன் கைமாற்ற வேண்டும்?

சென்சாரில் இருப்பது சின்ன பேட்டரி. இரண்டு மடங்கு தூரம் அனுப்ப வேண்டுமென்றால் குறைந்தது நான்கு மடங்கு சக்தி வேண்டும். நடுவில் மேடு, மரம், நனைந்த இலை இருந்தால் இன்னும் அதிகம் வேண்டும். அதனால் ஒரே மூச்சில் கத்தாமல், நடுவில் ஒரு கருவியை வைத்துச் செய்தியை வாங்கி அடுத்ததிடம் கொடுக்கச் செய்கிறார்கள். நம்ம விளையாட்டு விழாவில் தொடர் ஓட்டத்தில் கட்டையைக் கைமாற்றுகிறோமே, அதே மாதிரிதான். இதை நாம் ‘அஞ்சல் கருவி’ என்று சொல்லலாம்.

எத்தனை வேண்டும்?

ஒரு கருவியின் பேச்சு 100 மீட்டர் வரை கேட்கும் என்று வைத்துக்கொள்வோம். நிலையம் 450 மீட்டர் தள்ளி இருக்கிறது. 450-ஐ 100-ஆல் வகுத்தால் 4½. அப்படியானால் 5 தாவல். 5 தாவலுக்கு நடுவில் 4 அஞ்சல் கருவி வேண்டும். இது சுலபம்.

எங்கே வைப்பது?

இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. சமபக்க முக்கோணத்தின் மூன்று மூலையிலும் ஒவ்வொரு சென்சார். பக்கம் 170 மீட்டர். பக்கங்களின் மேலேயே வைத்துக்கொண்டு போனால் இரண்டு பக்கத்துக்கு இரண்டு அஞ்சல் கருவி தேவை. ஆனால் முக்கோணத்தின் நடு மையத்தில் வைத்துப் பாருங்கள்! அங்கிருந்து ஒவ்வொரு மூலைக்கும் 170 ÷ √3, அதாவது சுமார் 98 மீட்டர்தான். ஒன்றே போதும்! கணக்கு வகுப்பில் “இதெல்லாம் எதுக்கு டீச்சர்?” என்று கேட்கிறோமே, இதற்குத்தான்! சென்சார்கள் நூற்றுக்கணக்கில் இருந்தால், மிகக் குறைந்த எண்ணிக்கையைக் கண்டுபிடிப்பது கம்ப்யூட்டருக்கே திணறல்தான்.

குறைவாக வைப்பதுதான் சிறந்ததா?

இல்லை! நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள கருவி எல்லோருடைய செய்தியையும் சுமக்கிறது. அதன் பேட்டரிதான் முதலில் தீரும். அமெரிக்காவில் கிரேட் டக் தீவில் கடற்பறவைகளின் பொந்துகளைக் கவனிக்க 2003-ல் 150 கருவிகள் வைத்தார்கள். பக்கத்துக் கருவிகள் பேசுவதையெல்லாம் ஒட்டுக் கேட்டே, கைமாற்றும் கருவிகளின் சக்தி எதிர்பார்த்ததைவிட அதிகமாகச் செலவானது!

முக்கோணத்தின் நடுவில் இருக்கும் அந்த ஒரே கருவி மழையில் கெட்டுப்போனால் என்ன ஆகும்? மூன்று சென்சாரும் நல்லா இருந்தும் ஊமைதான். அதனால் ஒவ்வொரு சென்சாருக்கும் குறைந்தது இரண்டு தனித்தனி வழி இருக்க வேண்டும். ஒரு வழி அறுந்தாலும் மற்றதில் செய்தி போய்விடும். நிலையத்துக்குப் பக்கத்தில் இன்னும் நெருக்கமாக வைக்க வேண்டும். செலவு கூடும்தான். ஆனால் வெயில் காலத்தில் வேலை செய்து, மழை ராத்திரியில் நின்றுபோகும் கருவியால் யாருக்கு என்ன பயன்? எந்த ராத்திரி ரொம்ப மோசமோ, அந்த ராத்திரியை மனதில் வைத்துத்தான் இடம் குறிக்க வேண்டும்.

மூளைக்கு வேலை: 140 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தின் நான்கு மூலையிலும் சென்சார். பேச்சு 100 மீட்டர்தான் கேட்கும். நான்கையும் இணைக்க எத்தனை அஞ்சல் கருவி போதும்? அதில் ஒன்று கெட்டாலும் செய்தி போக வேண்டுமென்றால் எத்தனை? விடையைத் தாளில் எழுதி, படம் வரைந்து, இந்தப் பலகைக்குக் கீழே குத்திவையுங்கள்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி