உங்களுக்குத் தெரியுமா?

தியோமான், ரெடாங் முதலிய தீவுகளைச் சூழ்ந்து 2 கடல் மைல் விரிந்துள்ள கடற்பூங்காவின் பாதுகாப்பு, கடல் வற்றும் எல்லையில் தொடங்குகிறதேயன்றி, பவளப்பாறைகளின் ஜீவிதத்தையே நிர்ணயிக்கும் கரைமண்ணைத் தீண்டுவதில்லை.

• அப்பூங்காவுக்கு ஆதாரமான 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் கூட்டரசினுடையது. நிலமோ அரசியலமைப்பின்படி மாநிலத்தின் அதிகாரம்.

• விடுதிக்காக மலைச்சரிவில் வெட்டிய செம்மண், ஒரு பெருமழையில் கரைந்து பவளத்தின்மேல் படிந்தால், அதனுள் வாழ்ந்து அதற்கு ஆகாரம் ஊட்டும் நுண்பாசிக்குச் சூரியப் பிரகாசம் மறைந்துபோகிறது. எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று வகுக்கும் நிலத்திட்டமே, ஆகையால், அக்கடலுக்கு முதற்காவல்.

• நிலமும் கடலும் இப்படிப் பிணைந்திருப்பதை நேரிலேயே காணலாம்: நம் கம்போங் மேடானிலிருந்து காலையில் புறப்பட்டால் மதியத்துக்குள் எட்டிவிடக்கூடிய பூலாவ் கெத்தாமில், வீடுகளும் பள்ளியும் சேற்றில் ஊன்றிய கால்களின்மேல் நிற்கின்றன. கார் ஓட இடமில்லை. பலகைப் பாதைக்கு அப்பால் அலையாத்தி வேர்களும் நண்டு வளைகளுமே.