கடனில் போன கோட்டை... காலத்தை வென்ற சீஸ்!

சுவிட்சர்லாந்து என்றதும் பனிமலை, சாக்லேட், கைக்கடிகாரம் எல்லாம் ஞாபகத்துக்கு வரும். கடன் வாங்கியே கோட்டையைத் தொலைத்த ஒரு பிரபுவின் ஊரும் அங்கே இருக்கிறது, தெரியுமா? அதுதான் க்ரூயேர்.

பிரெஞ்சு பேசும் ஃப்ரிபூர் மாநிலத்தில், சுமார் 800 மீட்டர் உயரத்தில் ஒரு குன்றின் மேல் இருக்கிறது இந்தக் குட்டி ஊர். ரயில் அடிவாரத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து பொடிநடையாக ஏறலாம். காரில் வருபவர்களும் வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடக்கத்தான் வேண்டும்.

உள்ளே நுழைந்தால் கல் பாவிய அகலமான ஒரு தெரு. நடுவில் நீரூற்றுத் தொட்டி, இரு பக்கமும் பழைய வீடுகள். தெரு முடிந்து மேலே ஏறினால் 13-ம் நூற்றாண்டுக் கோட்டை. அதன் மதிலோரம் நின்றால், 2,002 மீட்டர் உயர மொலேசோன் மலை கண்ணுக்கு நேரே தெரியும். ஊரின் சின்னம் சிவப்புப் பின்னணியில் ஒரு வெள்ளை நாரை. பிரெஞ்சில் நாரைக்கு 'க்ரூ' என்று பெயர்.

11-ம் நூற்றாண்டு முதல் 16-ம் நூற்றாண்டு வரை இந்தப் பகுதியை 19 பிரபுக்கள் ஆண்டார்கள். கடைசியாக வந்தவர் மிஷேல். குடும்பத்துக்கு ஏற்கெனவே கடன் இருந்தது. அவர் காலத்தில் அது கழுத்தை நெரித்தது. 1554-ல் திவால்! கடன் கொடுத்திருந்த ஃப்ரிபூர், பெர்ன் நகரங்கள் அவருடைய நிலத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. மிஷேல் ஊரைவிட்டே போனார்.

பிறகு கோட்டையில் அரசு அதிகாரிகள் குடியிருந்தார்கள். 1849-ல் அது தனியார் கைக்குப் போனது. புகழ்பெற்ற ஓவியர் கோரோ உட்பட பல கலைஞர்கள் அங்கே வந்து தங்கினார்கள். 1938-ல் ஃப்ரிபூர் மாநில அரசே அதைத் திரும்ப வாங்கியது. இன்று அது அருங்காட்சியகம்.

சரி, பிரபுவோடு ஊர் பெயரும் மறைந்துவிட்டதா? இல்லை. மலையில் மாடு மேய்த்து, பால் கறந்து, சீஸ் செய்தவர்கள் அதைக் காப்பாற்றிவிட்டார்கள். இன்று உலகம் முழுக்க 'க்ரூயேர்' என்றால் சீஸ்தான்! ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கும் சீஸ் கூடத்தில் அதன் தயாரிப்பை நேரில் பார்க்கலாம். காய்ச்சாத பாலைப் பெரிய செம்புக் கொப்பரையில் ஊற்றி உறையவைக்கிறார்கள். சுமார் 400 லிட்டர் பாலில், 35 கிலோ எடையுள்ள ஒரே ஒரு வட்டு கிடைக்கும். அது குறைந்தது ஐந்து மாதம் பதப்பட வேண்டும்.

சைவர்கள் கவனிக்க: இந்த சீஸுக்கு உறை, கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுகிறது. கெட்டி க்ரீமோடு தரும் 'மெரிங்' இனிப்பில் முட்டை வெள்ளைக்கரு உண்டு. கல் தெரு என்பதால், வழுக்காத செருப்போ ஷூவோ போட்டுக்கொள்ளுங்கள்.

மேலே கடனில் மூழ்கிய பிரபுவின் கோட்டை. கீழே இன்றும் பால் உறையும் கொப்பரை. க்ரூயேர் போனால் இரண்டையும் பார்த்துவிட்டு வாருங்கள். ஒன்றைப் பார்த்தால்தான் மற்றதன் அருமை புரியும்.