பாட்டுப் பெட்டியின் மெருகு

பழைய ரேடியோவைப் பார்த்திருக்கிறீர்களா? அது சட்டைப் பையில் அடங்காது. இரண்டு கையால்தான் தூக்க வேண்டும். முகப்பில் துணி கட்டியிருக்கும். துணிக்குப் பின்னால் இருந்து பாட்டு வரும். சுற்றிலும் மரப்பெட்டி பளபளக்கும்.

இதைவிடப் பெரியது ரேடியோகிராம். பார்க்க ஒரு சின்ன அலமாரி போல இருக்கும். மூடியைத் தூக்கினால் உள்ளே இசைத்தட்டு சுற்றும். பக்கத்தில் ரேடியோ இருக்கும். 1950களிலும் 1960களிலும் வசதி உள்ளவர் வீட்டுக் கூடத்தில் இது நிற்கும். அதன்மேல் பின்னல் துணி விரிப்பார்கள். துணியின்மேல் பூச்சாடி வைப்பார்கள்.

பிறகு ஸ்டீரியோ வந்தது. இதில் இரண்டு பக்கத்தில் இருந்தும் ஒலி வரும். அதற்காக ஒலிபெருக்கிகளைத் தனிப் பெட்டிகளில் வைத்தார்கள். அவையும் மரப்பெட்டிகளே.

இன்று இந்தப் பெட்டிகள் பரணில் கிடக்கின்றன. பழைய சாமான் வாங்குபவர் எடைக்கு எடுத்துப் போகிறார். ஆனால் மும்பை சோர் பஜாருக்குப் போனால் கதை வேறு. அங்கே மட்டன் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. பழைய ரேடியோவும் கிராமபோனும் அங்கே விலைக்கு இருக்கும். ஆசைக்காக வாங்குபவர்கள் உண்டு. சினிமாப் படப்பிடிப்புக்கு வாங்குபவர்களும் உண்டு. ரேடியோ பாடாவிட்டாலும் சிலர் வாங்குவார்கள். பெட்டியின் அழகுக்குத்தான் அந்த விலை.

விற்க நினைப்பவர் முதலில் என்ன செய்கிறார்? உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கிறார். "பழைய பூச்சு போகட்டும், புது வார்னிஷ் அடிக்கலாம்" என்று நினைக்கிறார். பல நல்ல பெட்டிகள் இப்படித்தான் கெட்டுப் போயின. தேய்ப்பதற்கு முன்னால் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். மேலே தெரிவது என்ன மரம்? அதன்மேல் இருப்பது என்ன மெருகு?

மேலே தெரிவது தேக்கு போல இருக்கும். ஆனால் பெட்டி முழுவதும் தேக்கு அல்ல. ஒட்டுப்பலகையில் பெட்டி செய்வார்கள். அதன்மேல் தேக்கை மிக மெல்லிய தாளாகச் சீவி ஒட்டுவார்கள். இந்த மரத்தாளுக்குக் கடையில் வினீர் என்று பெயர். இதன் கனம் அரை மில்லிமீட்டர் இருக்கலாம். நோட்டுப் புத்தகத்தின் ஐந்து தாளை அடுக்கிப் பாருங்கள். ஏறக்குறைய அவ்வளவுதான். உப்புத்தாள் போட்டு அழுத்தித் தேய்த்தால் என்ன ஆகும்? தேக்கு போய்விடும். அடியில் உள்ள வெளுத்த பலகை திட்டுத் திட்டாகத் தெரியும். மறுபடி தேக்கை ஒட்டத்தான் வேண்டும்.

வினீர் ஒட்டியதை ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம். முழுப் பலகை மழைக்காலத்தில் ஊதும். வெயிலில் சுருங்கும். சில சமயம் வெடித்துவிடும். பழைய ரேடியோவின் உள்ளே வால்வுகள் எரியும். வால்வு என்பது பல்பு போன்ற கண்ணாடிக் குழாய். அதில் நல்ல சூடு வரும். அந்தச் சூட்டையும் ஒட்டுப்பலகை தாங்கும். அதை வளைக்கவும் முடியும். ரேடியோவின் மூலைகள் உருண்டையாக இருப்பது அதனால்தான்.

வினீரில் இன்னொரு அழகும் உண்டு. ஒரே மரத்தில் சீவிய இரண்டு தாள்களைப் பக்கம் பக்கமாக வைப்பார்கள். புத்தகத்தை விரித்தது போல வைப்பார்கள். இடது பக்க ரேகையும் வலது பக்க ரேகையும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிடித்தது போல இருக்கும். முழுப் பலகையில் இது எளிதில் கிடைக்காது.

தேக்கு பொன் பழுப்பு நிறம். ஈட்டி மரம் கருஞ்சிவப்பு. அதில் கறுப்புக் கோடுகள் ஓடும். வெளிநாட்டுப் பெட்டிகளில் அக்ரூட் மரம் அதிகம். ஆனால் நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சாயம் ஏற்றினால் மலிவு மரமும் ஈட்டி போலத் தெரியும். உள்பக்கமும் விளிம்பும்தான் உண்மையைச் சொல்லும்.

இனி மெருகுக்கு வருவோம். நம் நாட்டுப் பழைய மரச் சாமான்களின் மெருகு பெரும்பாலும் அரக்குதான். ஆம், பாரதக் கதையில் அரக்கு மாளிகை வருகிறதே, அதே அரக்கு!

அரக்கை ஒரு சின்னப் பூச்சி தருகிறது. புரச மரம், இலந்தை மரம் போன்றவற்றின் இளம் கிளையில் இது கூட்டமாக ஒட்டிக் கொள்ளும். சாற்றை உறிஞ்சும். தன்னைச் சுற்றிப் பிசின் போல ஒன்றைச் சுரக்கும். அது இறுகிக் கிளையை மூடிவிடும். அதுவே அரக்கு. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், மேற்கு வங்காளம் ஆகிய மாநிலங்களில் இது அதிகம் விளைகிறது. ஜார்க்கண்டில் முண்டா, ஒராவன் போன்ற பழங்குடி மக்கள் இதை வளர்க்கிறார்கள். நெல் அறுத்த பிறகு கையில் காசு தருவது அவர்களுக்கு இந்த அரக்குதான். ராஞ்சி நகருக்குப் பக்கத்தில் நாம்கும் என்ற ஊர் இருக்கிறது. அரக்கை ஆராய 1920களிலேயே அங்கே ஒரு நிலையம் தொடங்கினார்கள்.

கிளையை வெட்டி அரக்கைச் சுரண்டுவார்கள். இடித்துக் கழுவுவார்கள். கழுவும் தண்ணீர் சிவப்பாக ஓடும். பிறகு நீளமான துணிப்பையில் அடைத்துக் கரி நெருப்பின் முன் பிடிப்பார்கள். பையை முறுக்கினால் உருகிய அரக்கு வெளியே வரும். அதைச் சூட்டோடு தகடாக இழுக்க வேண்டும். கையால் பிடித்து, காலால் மிதித்து, பல்லால் கடித்து இழுப்பார்கள். நெருப்புக்கு எதிரே நின்று செய்யும் வேலை இது. மேற்கு வங்காளத்தில் புருலியா மாவட்டத்தின் பலராம்பூர் இந்தத் தொழிலுக்குப் பேர் பெற்றது. ரேடியோப் பெட்டியின் பளபளப்பைப் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்?

தகட்டை உடைத்தால் சின்னச் சின்னச் சில்லுகள் கிடைக்கும். அவற்றை ஸ்பிரிட்டில் ஊறப் போட்டால் கரைந்துவிடும். பஞ்சைத் துணியில் சுற்றி, அந்தக் கரைசலைத் தொட்டு, மரத்தின்மேல் வட்டம் வட்டமாகத் தடவுவார்கள். சில நிமிடத்தில் காயும். மறுபடி தடவுவார்கள். இப்படிப் பல பூச்சு ஏற்ற வேண்டும். ஒரு பெட்டிக்குச் சில நாள்கூட ஆகும். இதற்குத்தான் பிரெஞ்ச் பாலிஷ் என்று பெயர். பெயர் பிரெஞ்ச். சரக்கு நம் காட்டுச் சரக்கு.

அந்தக் காலத்து இசைத்தட்டிலும் இதே அரக்கு இருந்தது. அரக்கோடு கல் மாவு கலந்து தட்டை அழுத்தினார்கள். கீழே விழுந்தால் அது உடையும். பிறகு வினைல் என்ற பிளாஸ்டிக்கில் தட்டு வந்தது. அது எளிதில் உடையாது.

பெட்டிக்கும் இதேதான் நடந்தது. 1970களில் ஜப்பான் ஸ்டீரியோக்கள் உலகம் எங்கும் விற்றன. விலை உயர்ந்தவற்றில் உண்மையான அக்ரூட் வினீர் இருந்தது. விலை குறைந்தவற்றில் மர ரேகையை அச்சடித்த வினைல் தாள் இருந்தது. உள்ளே மரத்தூளைப் பசையோடு சேர்த்து அழுத்திய பலகை. நம் ஊர்களில் செய்த ஆம்பிளிஃபயர் பெட்டிகளில் சன்மைக்காவும் ஒட்டினார்கள். பாலிஷ்காரருக்கு இதில் வேலை இல்லை. எனக்கு இந்தப் பெட்டிகள் அவ்வளவாகப் பிடிக்காது. ஆனாலும் விலை குறைந்ததால்தான் பல வீடுகளுக்கு ஸ்டீரியோ வந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

அச்சடித்த தாளை எப்படிக் கண்டுபிடிப்பது? ரேகையை உற்றுப் பாருங்கள். ஒரே கண்ணும் ஒரே கோடும் திரும்பத் திரும்ப வரும். மரத்தில் அப்படி வராது. மூலையில் பெயர்ந்த இடத்தில் பிளாஸ்டிக் போலச் சுருளும். இதற்கு எந்த பாலிஷும் வேண்டாம். பிழிந்த ஈரத் துணியால் துடைத்தால் போதும். தண்ணீர் உள்ளே போகக்கூடாது. போனால் பலகை இட்லி போல உப்பிவிடும்.

உண்மையான வினீர் என்றால் மெருகைச் சோதிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பாருங்கள். பஞ்சில் ஒரு சொட்டு ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். பிசுபிசு என்று ஒட்டினால் அது அரக்கு. ஒட்டவில்லையா? தின்னரைத் தொட்டு வையுங்கள். அதில் கரைந்தால் அது பீய்ச்சி அடித்த லாக்கர். ஐரோப்பிய ரேடியோக்களில் கண்ணாடி போல மின்னும் பூச்சு பெரும்பாலும் லாக்கர் வகைதான். டென்மார்க் நாட்டுத் தேக்குப் பெட்டிகள் சிலவற்றில் பளபளப்பே இருக்காது. அவற்றில் எண்ணெய் மட்டும் தேய்த்திருப்பார்கள். மங்கலாக இருக்கிறதே என்று அதன்மேல் வார்னிஷ் அடிக்காதீர்கள். அதன் அழகே அந்த மங்கல்தான்.

அரக்கு மெருகு சூட்டுக்கும் ஈரத்துக்கும் ஆகாது. சூடான டீ டம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் விழும். அதற்காகப் பூச்சு முழுவதையும் எடுக்க வேண்டியது இல்லை. ஸ்பிரிட் லேசாகத் தொட்ட துணியால் மேலாக ஒரு தடவல் போதும். பல நேரம் வளையம் மறையும். அழுத்தினால் பூச்சே வந்துவிடும். பிறகு வேண்டுமானால் ஒன்றிரண்டு புதுப் பூச்சு ஏற்றலாம். புது அரக்கு பழைய அரக்கோடு ஒன்றாகிவிடும். வார்னிஷ் அப்படிச் சேராது. மழை நாளில் இந்த வேலை வேண்டாம். பூச்சு வெளுத்துவிடும்.

சில இடத்தில் வினீர் எழும்பி நிற்கும். பழைய பெட்டிகளில் வச்சிரப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். அது சூட்டில் இளகும். எழும்பிய இடத்தில் தடித்த துணி போட்டு, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்துங்கள். ஆறும்வரை மேலே பாரம் வையுங்கள். இஸ்திரி பட்ட இடத்தில் மெருகு மங்கும். அங்கே மட்டும் மறுபடி பாலிஷ் போடலாம்.

இந்த வேலையில் ஆபத்தும் இருக்கிறது. ஸ்பிரிட்டும் தின்னரும் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பு, விளக்கு, பீடி எதுவும் பக்கத்தில் கூடாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். பாலிஷ் ஸ்பிரிட் விஷம். குடித்தால் கண் போகும். உயிரும் போகும். தண்ணீர் பாட்டிலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத் திறங்கள்.

வால்வு ரேடியோவின் உள்ளே இருநூறு வோல்ட்டுக்கும் மேலே மின்சாரம் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில பாகங்களில் மின்சாரம் தங்கியிருக்கும். அதனால் ரேடியோ பழுது தெரிந்தவரை வைத்து, உள்ளே இருப்பதை முதலில் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். பெட்டி வெறுமையான பிறகு துடைக்கலாம், மெருகு போடலாம்.

பின்பலகையைக் கழற்றும்போது ஒட்டியிருக்கும் தாளைக் கிழிக்காதீர்கள். கம்பெனியின் பெயரும் மாடல் எண்ணும் அதில் இருக்கும். வாங்க வருபவர் முதலில் அதைத்தான் தேடுவார். அதை நீங்களே முன்னால் படித்து, ஒரு தாளில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள். பழுது பார்த்தவர் பென்சிலால் குறித்த தேதி இருந்தால் அதையும் அழிக்காதீர்கள்.