தொண்ணூறு மணி நேரத்துக்கான ஆயத்தம்

பாரிஸ் நகருக்குத் தென்மேற்கே உள்ள ரம்பூயே என்னும் ஊரிலிருந்து புறப்பட்டு, அட்லாண்டிக் சமுத்திரக் கரையிலுள்ள பிரெஸ்ட் துறைமுகம் வரையில் சென்று, மறுபடியும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் சைக்கிள் பிரயாணம் ஒன்று நான்காண்டுகளுக்கு ஒருமுறை ஆகஸ்ட் மாதத்தில் நடைபெறுகிறது. தூரம் சுமார் 1200 கிலோமீட்டர். அதை முடிப்பதற்குக் கொடுக்கப்படும் அதிகபட்ச அவகாசம் 90 மணி. 2019-ஆம் ஆண்டிலும் 2023-ஆம் ஆண்டிலும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இதில் கலந்துகொண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பந்தய வீரர்கள் அல்லர்; பகலெல்லாம் அலுவலகத்திலும் பள்ளிக்கூடத்திலும் கடையிலும் வேலை பார்த்துவிட்டு, விடியற்காலையிலும் விடுமுறை நாட்களிலும் பழகிக்கொண்டவர்கள். தலை நரைத்தவர்களையும் அக்கூட்டத்தில் தாராளமாகக் காணலாம். சாதாரண தேகபலம் உள்ள ஒருவர் இத்தகைய காரியத்துக்குத் தம்மை எவ்வாறு தயார் செய்துகொள்கிறார் என்பது சைக்கிள் ஓட்டாதவர்களும் அறிந்துகொள்ளத் தக்க விஷயம் என்றே எண்ணுகிறேன்.

இந்தப் பிரயாணம் 1891-இல் ஒரு பந்தயமாகத்தான் பிறந்தது. பியேர் ஜிஃபார் என்ற பத்திரிகையாசிரியர் அதை ஏற்பாடு செய்தார். இருநூறுக்குச் சற்று மேற்பட்டவர்கள் புறப்பட்டார்கள். காற்றடைத்த டயர் அப்போதுதான் உலகத்துக்கு அறிமுகமாகியிருந்த காலம். போகும்போது முன்னணியில் இருந்த ஜியேல்-லவால் என்பவர் திரும்பும் வழியில் மூன்றாம் இரவு களைப்பு மேலிட்டுச் சற்றுக் கண்ணயர்ந்தார். பஞ்சர்களால் பின்தங்கியிருந்த ஷார்ல் தெரோன் அந்த நேரத்தில் அவரைக் கடந்துசென்று, 72 மணிக்குச் சற்றுக் குறைவான நேரத்தில், இடையில் உறங்காமலே, பாரிஸை அடைந்தார். தெரோனின் மனோதிடத்தைக் கண்டு உலகம் வியந்தது நியாயமே. ஆயினும், நீண்ட பாதையில் வெற்றி தோல்வியை நிர்ணயிப்பது கால்களின் வேகத்தைவிட நித்திரையும் ஓய்வும் பற்றிய கணக்கே என்பது அந்த முதற் பந்தயத்திலேயே தெரிந்துபோயிற்று. பிறகு பெரும்பாலும் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை நடந்த பந்தயம் 1951-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. ஆனால் 1931 முதல் அமெச்சூர்களுக்கென்று தனியே ஏற்பட்ட பிரயாணம் வளர்ந்து, இன்று மூலப் பந்தயத்தின் பெயரைத் தானே தாங்கி நிற்கிறது.

பாரிஸுக்குச் செல்ல விரும்புகிறவர் முதலில் பிரெவே எனப்படும் நெடுந்தூரத் தகுதி ஓட்டங்கள் நான்கை அதே பருவத்தில் முடித்துக் காட்ட வேண்டும். பிரான்சிலுள்ள ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் என்ற சங்கத்தின் விதிகளின்படி, 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி, 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி அவகாசம். ஓட்டுபவரிடம் ஒரு சிறு அட்டை கொடுக்கப்படும். வழியிலுள்ள கட்டுப்பாட்டு நிலையங்களில் குறித்த கால வரம்புக்குள் வந்து அதில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். நிலையங்களுக்கு இடையே காரில் ஒருவர் பின்தொடர்ந்து வந்து உணவோ உதிரிப்பாகமோ தருவதற்கு இடமில்லை. இரவில் விளக்கும் ஒளி பிரதிபலிக்கும் மேலங்கியும் கட்டாயம். முதலிடம், இரண்டாமிடம் என்ற வரிசை கிடையாது. முதலில் வந்தவருக்கும் கடைசி நிமிஷத்தில் வந்தவருக்கும் ஒரே மரியாதைதான். நம் தேசத்தில் ஆடாக்ஸ் இந்தியா ராண்டனர்ஸ் என்ற அமைப்பின் கீழ்ப் பல ஊர்களில் இவை நடக்கின்றன, சென்னையிலும் நடக்கின்றன.

மேற்சொன்ன தூரங்களை அவகாசத்தால் வகுத்துப் பார்ப்பவர்களுக்கு ஆச்சரியம் உண்டாகும். எல்லாம் மணிக்கு 15 கிலோமீட்டரை ஒட்டியே வருகின்றன. பாரிஸ் பிரயாணத்திலோ பதின்மூன்றும் சொச்சமும்தான். காய்கறி வாங்கச் செல்பவர் ஓட்டும் வேகம் அது. ஆயினும் மிக நல்ல ஓட்டக்காரர்கள்கூடப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். காரணம், கடிகாரம் நாம் நிற்கும்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதுதான். 600 கிலோமீட்டர் பிரெவேயை எடுத்துக்கொள்வோம். சாலையில் சராசரி 22 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவருக்குச் சக்கரம் சுழலும் நேரம் ஏறக்குறைய 27 மணி. மிஞ்சுவது 13 மணிக்குச் சற்றுக் குறைவு. வழியில் ஆறு இடங்களில் நிற்க வேண்டியிருந்து, ஒவ்வொன்றிலும் முக்கால் மணி கழித்தால் நாலரை மணி போய்விடும். கால் மணியில் எழுந்துகொண்டால் ஒன்றரை மணிதான். இடையிலுள்ள மூன்று மணி நேரம் ஒரு முழு உறக்கம்! கால்களைப் பழக்கி மணிக்கு இரண்டு கிலோமீட்டர் வேகம் கூட்டுவதற்கு ஒருவர் ஆறு மாதம் பாடுபட வேண்டியிருக்கலாம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவுடன் செல்பேசியை எடுக்காமல் இருப்பதற்குப் பயிற்சி ஏதும் வேண்டியதில்லை. ஆகையால் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, பாட்டில் நிரப்புவது, முத்திரை வாங்குவது, உண்பது என்று செய்ய வேண்டியவற்றை நிலையத்துக்கு ஐந்து கிலோமீட்டர் முன்னதாகவே மனத்தில் வரிசைப்படுத்திக்கொண்டு போய் இறங்குங்கள் என்பதே.

தேகத்தைப் பக்குவப்படுத்தும் முறை எளியது, பொறுமைதான் அரிது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஒரு மணி நேர ஓட்டம், விடுமுறை நாளில் ஒரு நீண்ட ஓட்டம் என்று வைத்துக்கொண்டு, நீண்ட ஓட்டத்தின் தூரத்தை வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் கூட்டிச் செல்ல வேண்டும். நான்காவது வாரம் குறைத்துக்கொள்ள வேண்டும். பெரும்பகுதி நேரம், அருகில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேசக்கூடிய வேகத்திலேயே ஓட்ட வேண்டும். இந்த மிதமான வேகத்தில் நெடுநேரம் உழைக்கும்போதுதான் தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன; கொழுப்பை எரித்துச் சக்தி பெறும் திறன் வளர்கிறது. நாள்தோறும் மூச்சுவாங்க ஓட்டுகிறவர் தாம் கடுமையாக உழைப்பதாக நம்பிக்கொண்டு, உண்மையில் களைப்பை மட்டுமே சேகரித்துக்கொள்கிறார். முழங்கால் வலியும் பெரும்பாலும் இப்படிப்பட்ட அவசரத்தாலோ, சீட் தாழ்வாக இருப்பதாலோ, கனமான கியரை மிதிப்பதாலோ வருவதுதான்.

ஆகாரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நம் தசைகளிலும் கல்லீரலிலும் சேமிப்பில் இருக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய 2000 கலோரி அளவுதான். ஓட்டமோ மணிக்கு நானூறு முதல் அறுநூறு கலோரி வரை கேட்கிறது. கொழுப்பு ஒரு பங்கு ஈடுகொடுத்தாலும், சில மணி நேரத்தில் சேமிப்பு தீர்ந்து, திடீரென்று கால் இயங்க மறுத்து, கண் மங்கி, காரணமில்லாத துக்கமும் வந்துவிடும். அந்த நிலை வந்தபின் உண்பது காலங்கடந்த உபாயம். ஆகவே பசிக்குமுன்னே, மணிக்கு 60 கிராம் அளவில் மாவுச்சத்து உட்செல்ல வேண்டும். நடுத்தரமான இரண்டு வாழைப்பழங்களில் பெரும்பகுதி கிடைத்துவிடும், மிச்சத்துக்கு ஒரு கடலை மிட்டாய். விலையுயர்ந்த ஜெல் பொட்டலங்கள் இல்லாமல் இட்லி, தயிர் சாதம், இளநீர் ஆகியவற்றைக் கொண்டே 600 கிலோமீட்டரை முடிப்பவர்கள் நம்மிடையே ஏராளம். நல்ல வெயிலில் வெறும் தண்ணீரை மட்டும் அளவுகடந்து குடிப்பது இரத்தத்திலுள்ள உப்பை நீர்த்துப்போகச் செய்து உயிருக்கே ஆபத்தாகலாம். தாகத்துக்கு ஏற்றபடி குடித்து, உப்பையும் உடன் சேர்த்துக்கொள்வதே உத்தமம். எந்த உணவையும் நெடுந்தூர நாளன்று முதன்முதலாகப் பரீட்சித்துப் பார்க்கக் கூடாது. கால்களுக்குப் போலவே வயிற்றுக்கும் அப்பியாசம் வேண்டும்.

சரீரம் சைக்கிளைத் தொடும் இடங்கள் மூன்று: கை, இருக்கை, பாதம். மெத்தென்ற சீட்டே சுகம் என்று பலர் கருதுகிறார்கள். பத்து மணி நேரத்துக்குப் பிறகு அது அமுங்கி, இடுப்பெலும்புகள் தாங்க வேண்டிய பாரத்தை மென்மையான தசைமேல் ஏற்றிவிடும். உறுதியான சீட்டும், உள்ளாடையின்றி அணியும் பஞ்சு வைத்த கால்சட்டையும், உராய்வைத் தடுக்கும் களிம்பும் நல்லவை. டயர் 28 முதல் 32 மில்லிமீட்டர் அகலமும் மிதமான காற்றும் கொண்டதாக இருந்தால் கைகளுக்கு அதிர்வு குறையும். பஞ்சர் ஒட்டுவதை ஒருமுறையேனும் வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுச் செய்து பழகுவது அவசியம். நெடுஞ்சாலைகளில் வெடித்துச் சிதறிய லாரி டயர்களிலிருந்து உதிரும் தலைமுடி போன்ற எஃகுக் கம்பிதான் அடிக்கடி துளை போடுகிறது. அது டயரின் உட்புறத்தில் ஒளிந்திருக்கும். புது ட்யூபை நுழைக்குமுன் டயரின் உள்வட்டம் முழுவதையும் துணியாலோ விரல் நுனியாலோ மெல்லத் தடவிப் பார்த்து, தைக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அதைப் பிடுங்கி எறியாதவருக்கு, பத்து நிமிஷத்தில் அதே துளை மறுபடியும் விழும்.

தூக்கம் எல்லாவற்றிலும் கடினமான பாடம். பின்னிரவு இரண்டு மணி முதல் விடியல் வரை உடலின் இயல்பான கடிகாரமே நம்மை உறங்கச் சொல்கிறது. அந்த நேரத்தில் இமைகள் திறந்திருக்கும்போதே மூளை சில கணம் உறங்கிவிடும், சைக்கிள் சாலையின் நடுவே சாயும். மனோபலத்தால் இதை வெல்லலாம் என்பது தவறான எண்ணம். இரண்டு முறை இமை தாழ்ந்தால் இறங்கிவிட வேண்டும். பெட்ரோல் பங்க்கின் சிமெண்ட் திண்ணையும், பேருந்து நிழற்குடையும், ஏடிஎம் அறையின் குளிர்ந்த தரையும் ராண்டனர்கள் எனப்படும் இந்நாட்டு நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்குப் பஞ்சணைகளாகியிருக்கின்றன. அலாரம் வைத்து இருபது நிமிஷம் படுத்தாலே தெளிவு பிறக்கும். ஆகையால் 300 கிலோமீட்டர் பிரெவேக்கு முன்னதாக, ஒரு முழு இரவை நண்பரோடு சாலையில் கழித்துப் பார்ப்பது நல்லது. விளக்கின் வெளிச்சம் போதுமா, இருட்டில் மனம் என்ன சொல்கிறது, எந்த மணியில் தளர்கிறோம் என்பவற்றை வேறெவ்விதத்திலும் அறிந்துகொள்ள முடியாது.

2019-இல் இந்தியாவிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் பாரிஸ் சென்றார்கள். கணிசமானவர்களால் குறித்த நேரத்தில் முடிக்க இயலவில்லை. அவர்களின் ஊக்கத்தில் குறையில்லை. எதிர்க்காற்றும், பிரெத்தான் பிரதேசத்தின் கடும் இரவுக் குளிரும், ஓயாது ஏறி இறங்கும் பாதையும் அவர்கள் பயிற்சியில் அதிகம் சந்தித்திராதவை. அந்தப் பாதையில் பெரிய மலை ஏதுமில்லை; ஆனால் சிறு சிறு மேடுகள் அனைத்தையும் கூட்டினால் ஏற்றம் 11,000 மீட்டரைத் தாண்டிவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையின் சமதளத்தில் மட்டும் பழகியவர் இதை எதிர்கொள்வது எளிதன்று. ஏலகிரியின் பதினான்கு கொண்டையூசி வளைவுகளையும், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் நாற்பது வளைவுகளையும் அடிக்கடி ஏறி இறங்கி, பனிக்காலத்து அதிகாலையில் ஊட்டிச் சாலையில் ஈர ஆடையோடு இறங்கும் குளிரையும் அனுபவித்தவர்கள் நன்கு தயாராகிறார்கள். சமதளத்தில் இருப்பவர்கள் எதிர்க்காற்று வீசும் நாளைத் தேர்ந்தெடுத்துத் தனியே ஓட்டினால், அதுவும் ஏற்றத்துக்குச் சமமான அப்பியாசமே.

பிரெவே முடிந்த பிறகும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதை அநேகர் மறந்துவிடுகிறார்கள். இரண்டு இரவு உறங்காதவர் முத்திரை பெற்ற மகிழ்ச்சியில் காரின் ஸ்டியரிங்கைப் பிடித்து வீடு திரும்புவது, அவர் அதுவரை கடந்துவந்த எந்தச் சாலையையும்விட ஆபத்தானது. முடியும் இடத்திலேயே சில மணி உறங்கிவிட்டுப் புறப்படலாம், அல்லது வண்டியோட்ட ஒரு நண்பரை முன்கூட்டியே ஏற்பாடு செய்யலாம். அடுத்த சில நாட்கள் பசியும் தூக்கமும் மிகுதியாக இருக்கும். இரண்டுக்கும் இடங்கொடுக்க வேண்டும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் சில நாள் மரத்திருப்பது நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களுக்குப் பழக்கமானதே. வாரக்கணக்கில் தொடர்ந்தாலோ, பிடிமானம் தளர்ந்தாலோ வைத்தியரிடம் காட்டிவிட்டு, ஹாண்டில்பாரின் உயரத்தையும் சீட்டின் சாய்வையும் சரிசெய்த பிறகே மறுபடி சாலையில் இறங்க வேண்டும்.