செய்நிரலின் சம்பவத் திரட்டு

கப்பற்றொழிலிலிருந்து கணினித் தொழிலுக்கு வந்து சேர்ந்த சொற்களுள் ‘லொக்’ என்பதும் ஒன்று. ஆங்கிலத்தில் அச்சொல் மரக்கட்டையைக் குறிக்கும். பாய்க்கப்பல்கள் ஓடிய காலத்தில், கப்பலின் வேகத்தை அறிய விரும்பிய மாலுமிகள், ஒத்த இடைவெளிகளில் முடிச்சிட்ட நீண்ட கயிற்றின் நுனியில் ஒரு மரக்கட்டையைக் கட்டிக் கடலில் எறிந்தனர். மணற்கடிகையில் ஏறத்தாழ அரை நிமிடம் கழிவதற்குள் எத்தனை முடிச்சுகள் கைவழியே ஓடின என்று எண்ணி, அவ்வெண்ணை ஓர் ஏட்டிற் குறித்தனர். கட்டையின் பெயரே ஏட்டுக்கும் ஆயிற்று. நாளடைவில் காற்றின் திசை, சென்ற வழி, நேர்ந்த இடர் ஆகிய யாவும் அவ்வேட்டில் இடம்பெறலாயின. இலங்கைப் பாடசாலைகளில் அதிபரின் பொறுப்பிலிருக்கும் சம்பவத் திரட்டுப் புத்தகமும் ஆங்கிலத்தில் இப்பெயராலேயே வழங்குகிறது. நடந்ததை, நடந்த நேரத்தோடு, பின்னர் வருவோர் படித்தறியுமாறு எழுதிவைப்பதே இவை யாவற்றுக்கும் பொதுவான நோக்கமாகும்.

கணினிகள் தோன்றிய தொடக்கத்திலேயே இவ்வழக்கமும் அவற்றோடு சேர்ந்துகொண்டது. 1947ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆந் திகதி, அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் 2 என்னும் பெருங்கணினியைச் சோதித்துக்கொண்டிருந்தவர்கள், அதன் மின் இணைப்புக் கருவி ஒன்றினுள் அந்துப்பூச்சி ஒன்று சிக்கியிருக்கக் கண்டனர். பூச்சியை எடுத்து ஏட்டிலேயே ஒட்டி, நேரம் 15.45 என்றும், எந்தப் பலகையில் எத்தனையாம் கருவி என்றும் அருகில் எழுதினர். அவ்வேடு அமெரிக்க வரலாற்றுக்கான தேசிய அரும்பொருட்சாலையில் பாதுகாக்கப்படுகிறது. நேரமும் இடமும் காரணமும் ஒரே வரியில் அடங்கிய அக்குறிப்பு, நல்ல பதிவுக்கு இன்றும் இலக்கணமாக நிற்கத் தக்கது.

அன்று ஏட்டை எழுதியவர் மனிதர். இன்றைய செய்நிரலோ கண்ணிமைப் பொழுதில் பல்லாயிரம் செயல்களைச் செய்கிறது. அதுவும் பெரும்பாலும் எவரும் அருகில் இல்லாத நள்ளிரவில். ஆதலின் தன் ஏட்டைத் தானே எழுதிக்கொள்ளும் கடமையும் அதன்மேற் சுமத்தப்பட்டுள்ளது. பல பாடசாலைகள் அனுப்பும் மாணவர் புள்ளிக் கோப்புகளை இரவில் வாசித்து, ஒரே பட்டியலாகத் திரட்டும் மென்பொருள் ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். விடிந்ததும் ஒரு பாடசாலையின் மாணவர் சிலரைப் பட்டியலிற் காணவில்லை. கோப்பு வரவில்லையா? வந்தும் வாசிக்கப்படவில்லையா? வாசிக்கப்பட்டும் சேமிக்கப்படவில்லையா? செய்நிரல் வாய் திறவாதிருந்தால் இவ்வினாக்களுக்கு ஊகமே விடையாகும்.

புதிதாகச் செய்நிரல் எழுதப் பழகுவோர், இத்தகைய நிலையில், ஆங்காங்கே ஒரு வாக்கியத்தைத் திரையில் அச்சிடுமாறு கட்டளை இடுவர். அது தவறன்று, ஆயினும் போதாது. திரை மூடப்பட்டதும் அவ்வாக்கியம் மறைந்துபோகிறது. அற்பச் செய்தியும் ஆபத்துச் செய்தியும் ஒரே குரலில் ஒலிக்கின்றன. வேலை முடிந்ததும் அவ்வரிகளை ஒவ்வொன்றாக நீக்கவேண்டும். மறுபடி இடர் வந்தால் மீண்டும் எழுதவேண்டும். இக்குறைகளை நீக்குவதற்கென்றே பல கணினி மொழிகளிற் பதிவு நூலகங்கள் அமைந்துள்ளன. பைதன் மொழியில் இதற்கான நூலகம் வினய் சஜிப் என்பவரால் எழுதப்பட்டு, 2003ஆம் ஆண்டு வெளிவந்த 2.3ஆம் பதிப்பிலிருந்து மொழியோடு சேர்ந்தே கிடைக்கிறது.

அந்நூலகத்தில் மூன்று உறுப்புகள் முதன்மையானவை. செய்நிரலின் ஒவ்வொரு பகுதியும் தன் செய்தியை ஒப்படைக்கும் இடம் பதிவர் எனலாம். அச்செய்தியை உரிய இடத்துக்குக் கொண்டுசேர்ப்பது கையாளி. நேரம், தரம், பகுதியின் பெயர், செய்தி என்னும் ஒழுங்கில் வரியை அமைத்துக் கொடுப்பது வடிவமைப்பி. ஒரு பதிவருக்குப் பல கையாளிகள் இருக்கலாம் என்பதே இவ்வமைப்பின் சிறப்பு. ஒரே செய்தி ஒரு கையாளி வழியாகக் கொன்சோல் எனப்படும் கட்டளைத் திரைக்கும், மற்றொன்றின் வழியாகக் கோப்புக்கும் செல்லக்கூடும். திரை, இப்போது அருகில் இருப்பவருக்கு உரியது. கோப்பு, நாளை வரப்போகிறவருக்கு உரியது. இருவருடைய தேவையும் ஒன்றல்ல.

அத்தேவைகளை வேறுபடுத்துவதற்காகச் செய்திகள் ஐந்து தரங்களாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வழங்கப்பட்டுள்ளது. டிபக் எனப்படும் நுண்விவரத்துக்கு 10, தகவலுக்கு 20, எச்சரிக்கைக்கு 30, பிழைக்கு 40, பெருங்கேட்டுக்கு 50. மேற்சொன்ன மென்பொருளில், கோப்பின் ஒவ்வொரு வரியும் வாசிக்கப்படுவது நுண்விவரம். ஒரு பாடசாலையின் கோப்பு முழுமையாகச் சேர்க்கப்பட்டது தகவல். அதே கோப்பு இரண்டாம் முறை வந்தது எச்சரிக்கை. ஒரு மாணவரின் புள்ளியைச் சேர்க்க இயலாமற்போனது பிழை. புள்ளிகளைச் சேமிக்கும் தரவுத்தளமே எட்டாமற்போனது பெருங்கேடு. திரைக்குரிய கையாளிக்கு 30 என்றும், கோப்புக்குரிய கையாளிக்கு 10 என்றும் எல்லை வகுத்தால், திரையில் எச்சரிக்கையும் அதற்கு மேற்பட்டனவும் மட்டும் தோன்றும். கோப்பில் எல்லாம் இருக்கும்.

இங்கே பலர் இடறுவதுண்டு. செய்தி கடந்து செல்லவேண்டிய வாயில்கள் இரண்டு. பதிவரின் எல்லை முதல் வாயில்; கையாளியின் எல்லை இரண்டாம் வாயில். கையாளிக்கு 10 என்று வகுத்துவிட்டுப் பதிவரை மறந்துவிட்டால், எல்லாவற்றுக்கும் மூலமான பதிவருக்கு இயல்பாக உள்ள 30 என்னும் எல்லையே செல்லும்; நுண்விவரமும் தகவலும் முதல் வாயிலிலேயே தடுக்கப்படும். கோப்பு வெறுமையாகக் கிடப்பதைக் கண்டு, பழுது கோப்பில் உள்ளதென மயங்குவர். மறுபுறம், மூலப் பதிவருக்கும் அதன் கிளைப் பதிவருக்கும் தனித்தனியே திரைக் கையாளியைப் பொருத்தினால், கிளையில் எழுந்த செய்தி மூலத்துக்கும் ஏறிச்சென்று ஒரே வரி இருமுறை தோன்றும். கையாளிகளை மூலப் பதிவரிடம் மட்டும் பொருத்துவது இதற்கு எளிய பரிகாரம்.

இவ்வெல்லைகளை எங்கே எழுதிவைப்பது என்பதே அனைத்திலும் முக்கியமான வினா. செய்நிரலுக்குள்ளேயே எழுதினால், ஓர் எண்ணை மாற்றுவதற்கும் செய்நிரலைத் திறக்கவேண்டும். மாற்றியதை மீண்டும் சோதிக்கவேண்டும். புள்ளிகள் வெளியாகும் நாளுக்கு முந்திய இரவில், சோதித்து முடிந்த செய்நிரலின்மேற் கைவைக்கப் பொறுப்புள்ள எவரும் துணியார். ஆகவே, எங்கு எழுதுவது, எவ்வளவு எழுதுவது, எவ்வடிவில் எழுதுவது என்பனவற்றைத் தனியான அமைப்புக் கோப்பு ஒன்றிற் குறித்து, செய்நிரல் தொடங்கும்போது அதனை வாசிக்கச் செய்வதே தக்க முறை. பைதனின் 2.7ஆம் பதிப்பிலும் (2010), 3.2ஆம் பதிப்பிலும் (2011) அகராதி வடிவான அமைப்பை ஏற்கும் வசதி சேர்க்கப்பட்டது. இதன் பயனாக, தூரத்து அலுவலகம் ஒன்றில் இடர் நேர்ந்தால், அங்குள்ளவரிடம் 30 என்பதை 10 ஆக்கி மென்பொருளை மீளத் தொடங்குமாறு கூறினாற் போதும். ஆயினும் ஓர் எச்சரிக்கை: வேறாகக் கூறப்படாவிடின், அமைப்பிற் பெயர் குறிக்கப்படாத, முன்னரே உருவாகிவிட்ட பதிவர்களை இவ்வசதி வாயடைத்துவிடும். அதனைத் தவிர்க்கும் குறிப்பையும் அமைப்புக் கோப்பிற் சேர்த்தல் வேண்டும்.

கோப்புக்கெனத் தனிக் கவனங்களும் உள. முதலாவது அதன் பருமன். இரவுதோறும் எழுதப்படும் கோப்பு தடையின்றி வளர்ந்தால் ஒருநாள் வன்தட்டை நிரப்பிவிடும். இடரைக் காட்டவேண்டிய ஏடே இடராகிவிடும். இதற்கெனச் சுழற்சிக் கையாளி உண்டு. ஒரு கோப்புக்கு 50 இலட்சம் பைட்டு என்றும், பழைய பிரதிகள் 5 என்றும் வகுத்தால், எல்லையை எட்டிய கோப்பு பெயர் மாறி ஒதுங்க, புதியது தொடங்கும்; மிகப் பழையது அழியும். எக்காலத்தும் ஏடுகள் யாவும் சேர்ந்து ஏறத்தாழ 3 கோடி பைட்டுக்கு மேற்படா. பிரதிகளின் எண்ணிக்கையைக் குறிக்க மறந்தாலோ சுழற்சியே நிகழாது.

இரண்டாவது எழுத்துமுறை. மாணவர் பெயர்கள் தமிழில் இருக்குமாயின், கோப்பை யூ.ரி.எஃப்-8 முறையில் எழுதுமாறு வெளிப்படையாகக் குறித்தல் வேண்டும். அவ்வாறு குறிக்காவிடின், சில கணினிகளில் தமிழ்ப் பெயருள்ள செய்தி கோப்பிற் பதியாமலே போகக்கூடும்.

மூன்றாவது மறைபொருள். 2018ஆம் ஆண்டு மே மாதம், பின்னர் எக்ஸ் எனப் பெயர் மாறிய டுவிட்டர் நிறுவனம், பயனர்களின் கடவுச்சொற்கள் மறைகுறியாக மாற்றப்படுவதற்கு முன்னரே உள்ளகப் பதிவு ஒன்றில் எழுதப்பட்டு வந்ததைக் கண்டறிந்து, கடவுச்சொல்லை மாற்றுமாறு 33 கோடிக்கு மேற்பட்டோரைக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. அவை வெளியாருக்குச் சென்றதாகத் தெரியவில்லை என்றும் நிறுவனம் அறிவித்தது. பூட்டிய பெட்டியின் திறவுகோலை ஏட்டில் எழுதிவைப்பது போன்றது இது. கடவுச்சொல், அடையாள அட்டை இலக்கம், நோய் விவரம் முதலியன எத்தரத்திலும் பதியப்படலாகா.

ஏடு எவ்வளவு ஒழுங்காக அமைந்தாலும், அதில் எழுதப்படும் வாக்கியம் வெறுமையானதாயின் பயனில்லை. ‘ஏதோ பிழை நேர்ந்தது’ என்னும் வரி எவருக்கும் உதவாது. ‘அதிகாலை 2.10: இன்ன கோப்பின் 14ஆம் வரியிற் கணிதப் புள்ளி வெறுமை, அவ்வரி சேர்க்கப்படவில்லை’ என்னும் வரி, காரணத்தையும் பரிகாரத்தையும் சேர்த்தே சொல்கிறது. மகளின் பெயரைப் பட்டியலிற் காணாத தாய் ஒருத்தி காலையில் அலுவலக வாயிலில் வந்து நிற்கும்போது, கணினி செய்த தவறென்று அவளைத் திருப்பியனுப்புவதா, கோப்பைத் திறந்து அந்த 14ஆம் வரியைக் காட்டி உடனே திருத்திக் கொடுப்பதா என்பது, மென்பொருளை எழுதியவர் பல மாதங்களுக்கு முன் இவ்வேட்டுக்குச் செலவிட்ட சில மணி நேரத்தைப் பொறுத்தது.